யார் முதலில் பேசுவது?

இரண்டு செல்போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சி-டைப் துளை. இரு முனையும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு ஒயரால் இரண்டையும் இணையுங்கள். பெரும்பாலும் ஒன்று மற்றொன்றுக்கு சார்ஜ் கொடுக்க ஆரம்பிக்கும்.

எது எதற்கு?

சாகக் கிடக்கிற போன், வயிறு நிறைந்த போனுக்குத் தன் கடைசிச் சொட்டைத் தானம் பண்ணிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். அதே கதை. மூன்றாவது தடவை சொருகியபோது கர்ணன் மாறிவிட்டான். ஏன் மாறினான் என்று அப்போது புரியவில்லை.

போன் கெட்டுப்போகவில்லை. ஒயரிலும் கோளாறு கிடையாது. இதற்குப் பின்னால் ஏறத்தாழ முப்பது வருஷத்துப் பஞ்சாயத்து ஒன்று இருக்கிறது. இந்த ஒயரில் யார் எஜமான், யார் சிப்பந்தி என்கிற பஞ்சாயத்து.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மவுசுக்கு ஒரு துளை, கீபோர்டுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு இருபத்தைந்து ஓட்டையோடு ஒரு பெரிய வாய், மோடத்துக்கு வேறு ஒன்று, ஜாய்ஸ்டிக்குக்குத் தனியாக ஒன்று. எதையாவது புதிதாக மாட்டினால் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்ப வேண்டும். எழுப்பினாலும் அது உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இன்டெல் கம்பெனியில் அஜய் பட் என்று ஒரு எஞ்சினியர். பரோடாவில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். வீட்டில் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக மனைவி எதையோ பிரிண்ட் எடுக்கப் போராடியதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பிளக்கைச் சுவரில் சொருகுகிற மாதிரி இதையும் சொருக முடியாதா? அவ்வளவுதான் கேள்வி.

1994ல் ஏழு கம்பெனிகள் சேர்ந்தன. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல். 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. 1.0 விதிப்புத்தகம் வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தின் அஸ்திவாரம் ஒரே ஒரு முடிவு. மூளை முழுக்க ஒரு பக்கம். மறு பக்கத்துக்குக் கீழ்ப்படிதல் மட்டும்.

கம்ப்யூட்டர் இருக்கிற பக்கத்துக்கு ஹோஸ்ட் என்று பெயர். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர், பென் டிரைவ் எல்லாம் டிவைஸ். டிவைஸ் ஒருபோதும் தானாக வாய் திறக்கக் கூடாது. பழைய வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பையன் 'உள்ளேன் ஐயா' சொல்லலாம். அப்படி ஒரு வாத்தியாரின் கீழ் 127 பிள்ளைகள்வரை உட்காரலாம். நீங்கள் மவுசை நகர்த்தியதும் அது ஓடிப்போய்க் கம்ப்யூட்டரிடம் சேதி சொல்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் என்றால் கம்ப்யூட்டர்தான் விநாடிக்கு 125 தடவை போய், 'ஏதாவது உண்டா?' என்று கேட்கிறது. 'இல்லீங்க', 'இல்லீங்க', 'இல்லீங்க', 'ஆமாங்க, கொஞ்சம் இடதுபக்கம்.'

ஏன் இப்படி? காசு. பேசத் தெரியாத, கேட்டால் பதில் மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு சில்லுவை மிக மலிவாகச் செய்துவிடலாம். கணக்குப் போடுவது, நேரம் ஒதுக்குவது, யாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று பங்கிடுவது என எல்லாத் தலைவலியும் கம்ப்யூட்டரோடு போகும். அதுதான் எப்படியும் விலை கூடுதலான பெட்டி ஆயிற்றே.

யார் ஹோஸ்ட் என்பதில் சண்டை வரக் கூடாது என்பதற்காக அதைப் பிளக்கின் உருவத்திலேயே எழுதிவைத்தார்கள். தட்டையான பிளக் கம்ப்யூட்டர் பக்கம். அது ஏ. கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும் பிளக் பிரிண்டர் பக்கம். அது பி. ஏ-யை பி துளையில் நுழைக்க முடியாது. இரண்டு கம்ப்யூட்டர்களை நேரடியாக இணைக்கவும் முடியாது. காரணம் இருக்கிறது. ஏ பக்கம் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிற பக்கம். இரண்டு பக்கமும் கொடுக்க ஆரம்பித்தால் ஒன்றின் மின்சாரம் இன்னொன்றின் வாய்க்குள் பாயும். அதிகாரத்தை பிளாஸ்டிக்கில் வார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏற்பாடுதான், அந்த நாளைக்கு.

அதே காலத்தில் இன்னொரு ஒயரும் இருந்தது. ஃபயர்வயர். ஆப்பிளின் செல்லப்பிள்ளை. 1995ல் ஐ.இ.இ.இ. 1394 என்ற பெயரில் தரமாக அங்கீகாரம் பெற்றது. அதில் எஜமான் கிடையாது. எல்லோரும் சமம். ஒரு வீடியோ கேமராவையும் இன்னொரு வீடியோ கேமராவையும் நேராகச் சேர்த்தால் நடுவில் கம்ப்யூட்டரே இல்லாமல் பேசிக்கொள்ளும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் யு.எஸ்.பி.யை விட அழகான ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

ஆனால் சமத்துவத்துக்கு விலை உண்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் மூளை வேண்டும். போதாக்குறைக்கு, துளை ஒன்றுக்கு ஒரு டாலர் உரிமத்தொகை என்று ஆப்பிள் கேட்கிற சேதி 1999 ஜனவரியில் வெளியானது. பிறகு அது கருவிக்கு 25 சென்ட்டாக இறங்கியது. அதற்குள் சேதாரம் ஆகிவிட்டது. யு.எஸ்.பி.க்கு உரிமத்தொகையே கிடையாது. 2000 ஏப்ரலில் யு.எஸ்.பி. 2.0 வந்து, வேகத்திலும் காகிதக் கணக்கில் முந்தியது. அதற்கு 480 மெகாபிட், ஃபயர்வயருக்கு 400. ஆப்பிளின் சொந்த ஐபாடே 2001ல் ஃபயர்வயரோடு பிறந்து, 2005ல் பாட்டு ஏற்றுவதற்கு யு.எஸ்.பி. மட்டும்தான் என்று மாறிப்போனது.

மலிவு ஜெயித்தது. ஜெயித்த கையோடு கடன்காரனும் வாசலில் வந்து நின்றான்.

இரண்டாயிரம் வாக்கில் டிஜிட்டல் கேமராக்கள் பெருகின. உள்ளங்கைக் கம்ப்யூட்டர்கள், கொஞ்சம் மூளையுள்ள செல்போன்கள் எல்லாம் வந்தன. கேமராவை பிரிண்டரோடு நேரே சேர்த்துப் படம் போட முடியாதா என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். யு.எஸ்.பி. கையை விரித்தது. கேமராவும் டிவைஸ், பிரிண்டரும் டிவைஸ். இரண்டு பையன்கள் மட்டும் இருக்கிற வகுப்பறை. வாத்தியார் இல்லை. யாரும் பேச மாட்டார்கள். ஃபயர்வயர் எதை இயல்பாகச் செய்ததோ, அதை யு.எஸ்.பி. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது.

2001 டிசம்பரில் ஒரு பின்னிணைப்பு வெளியிட்டார்கள். பெயர் ஆன்-தி-கோ. சுருக்கமாக ஓ.டி.ஜி. உங்கள் வீட்டில் எங்காவது ஒரு குட்டி ஓ.டி.ஜி. அடாப்டர் கிடக்கும். என் மேஜை இழுப்பறையில் மூன்று கிடக்கின்றன. ஒன்று எந்த போனுக்கு என்பதே மறந்துவிட்டது.

ஓ.டி.ஜி. செய்த முதல் காரியம் எளிமையானது. நான்கு கம்பி இருந்த சின்ன பிளக்கில் ஐந்தாவதாக ஒரு ஊசி. அடையாள ஊசி. ஏ முனையில் அதைத் தரையோடு இணைத்துவிடுவார்கள். பி முனையில் அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டு முனையையும் ஏற்றுக்கொள்கிற ஒரு துளை. எந்த முனை வந்து நுழைந்தது என்பதை ஊசியைத் தொட்டுப் பார்த்து, 'ஓ, இன்றைக்கு நான் ஹோஸ்ட்' என்று போன் தெரிந்துகொள்ளும். உருவத்தில் இருந்த அதிகாரம் ஒரு ஊசிக்கு இடம் மாறியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒயரைக் கழற்றாமலே பதவியை மாற்றிக்கொள்ளவும் ஒரு வழி சொன்னார்கள். ஹோஸ்ட் பேச்சுவார்த்தை நெறிமுறை, எச்.என்.பி. அது நடக்கிற விதத்தைப் பாருங்கள்.

முதலில் ஏ முனைதான் ஹோஸ்ட். மின்சாரமும் அதுதான் கொடுக்கிறது. பி முனைக்குப் பதவி ஆசை இருக்கலாம் என்று தெரிந்தால், 'வேண்டுமானால் கேள்' என்று ஏ முன்கூட்டியே அனுமதி கொடுத்துவைக்கிறது. தன் வேலை முடிந்ததும் ஏ பேச்சை நிறுத்துகிறது. லைன் மௌனம். உடனே பி, தான் ஒயரைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு நடிப்பு நடிக்கிறது. நிஜத்தில் அது செய்வது, டேட்டா கம்பியை மேலே இழுத்துப் பிடித்திருந்த ஒரு சின்ன மின்தடையை விலக்கிக்கொள்வதுதான். அதைப் பார்த்ததும் ஏ தன் பக்கத்து மின்தடையைப் போடுகிறது. 'இனிமேல் நான் டிவைஸ்' என்று அதற்கு அர்த்தம். பி லைனைத் துடைத்து ரீசெட் செய்துவிட்டு ஆசனத்தில் உட்காருகிறது.

இத்தனை கூத்திலும் 5 வோல்ட் மின்சாரம் கொடுப்பது என்னவோ ஏதான். பேசுகிறவர் மாறிவிட்டார், டீக்குக் காசு கொடுக்கிறவர் மாறவில்லை.

இதற்காக விதிப்புத்தகத்தில் 13 நிலைகள் வரையப்பட்டன. ஏ பக்கத்துக்கு எட்டு, பி பக்கத்துக்கு ஐந்து. மின்சாரம் ஏறக் காத்திருக்கும் நிலை, எதிராளிக்காகக் காத்திருக்கும் நிலை, மின்சாரம் இறங்கக் காத்திருக்கும் நிலை... படித்தால் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்கிற மாதிரி இருக்கும். தாளில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்கு வந்த பெரும்பாலான போன்கள் ஊசியோடு நிறுத்திக்கொண்டன. எச்.என்.பி.யைத் தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை? வம்பு ஒயரில் இல்லை. கெர்னலில் இருந்தது.

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடு உள். திரையில் தெரிகிற எதுவும் கெர்னல் அல்ல. திரைக்கும் சில்லுகளுக்கும் நடுவில் நின்று, யாருக்கு எது எப்போது என்று பங்கு போடுகிற பகுதி அது. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். பல பேர் பல ஊர்களில் உட்கார்ந்து எழுதுவது. எல்லாமே பகிரங்கம். அதனால் இந்தக் கதையை அங்கே வைத்துச் சொல்வதுதான் சுலபம்.

லினக்ஸில் ஹோஸ்ட் பக்கம் முதலில் வளர்ந்தது. 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பிலேயே யு.எஸ்.பி. உருப்படியாக வேலை செய்தது. எல்லோரும் லினக்ஸைக் கம்ப்யூட்டரில்தான் ஓட்டினார்கள், கம்ப்யூட்டர் என்றால் ஹோஸ்ட். வேறு யோசனைக்கு இடமே இல்லை. லினக்ஸ் கைக்கருவிகளுக்குள் புகுந்த பிறகுதான், அதே லினக்ஸ் டிவைஸாகவும் கைகட்டி நிற்கவேண்டிய நிலைமை வந்தது. அந்தப் பக்கத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர் டேவிட் பிரௌனெல். 2003 வாக்கில் அவர் உருவாக்கிய அமைப்புக்குப் பெயர் வைப்பதே பிரச்னையாகிப் போனது. 'டிவைஸ் டிரைவர்' என்ற சொல்லை ஹோஸ்ட்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதற்கு அர்த்தம், டிவைஸை ஓட்டுகிற ஹோஸ்ட்டின் நிரல். ஆகவே இந்தப் பக்கத்துக்கு 'கேட்ஜெட்' என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அதுதான் பெயர். பிரௌனெல் 2011 ஏப்ரலில் காலமானார். அவர் போட்ட அஸ்திவாரம் இப்போதும் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருக்கிறது.

ஆச்சா? இப்போது கெர்னலுக்குள் இரண்டு இலாகா. ஒன்று ஹோஸ்ட் இலாகா, மற்றொன்று கேட்ஜெட் இலாகா. இரண்டும் தனித்தனி ஆட்கள் தனித்தனிக் காலத்தில் எழுதியவை. இரண்டுமே தன்னைத் தவிர இந்தத் துளைக்கு வேறு உரிமையாளர் இல்லை என்று நம்புகிறவை. போனிலோ இருப்பது ஒரே துளை.

சின்ன ஸ்டேஷன்களில் ஒற்றைத் தண்டவாளப் பாதையை ரயில்வே எப்படிச் சமாளித்தது என்று பார்த்திருப்பீர்கள். வளையத்தில் கோத்த ஒரு பையில் டோக்கன் இருக்கும். ஓடுகிற ரயிலில் இருந்தபடியே டிரைவர் அதைக் கைநீட்டி வாங்குவார். டோக்கன் கையில் இல்லாமல் அந்தப் பாதையில் வண்டி நுழையக் கூடாது. இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் இருப்பதற்கு அந்த ஒரு டோக்கன்தான் காவல்.

கெர்னலில் அப்படி ஒரு டோக்கன் பல வருஷம் இல்லை.

போன் ஹோஸ்டாக இருந்து டிவைஸாக மாறுகிறது என்று வையுங்கள். என்னென்ன நடக்க வேண்டும்? போனில் ஒரு பென் டிரைவ் மாட்டியிருக்கிறது, அதில் பாதி எழுதிய ஒரு ஃபைல் இருக்கிறது. பென் டிரைவைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு நிரலுக்கும் 'கடை கட்டியாச்சு, கிளம்புங்கள்' என்று சொல்ல வேண்டும். எல்லோரும் வெளியேறிய பிறகுதான் ஹோஸ்ட் டிரைவர் தன் நினைவகத்தைக் காலி செய்யலாம். அவசரப்பட்டுக் காலி செய்து, இன்னும் ஒருவர் உள்ளே இருந்துவிட்டால், மொத்த கெர்னலும் நிலைகுலைந்து போன் அப்படியே உறைந்துபோகும். அடுத்து 5 வோல்ட்டை நிறுத்த வேண்டும். சுவிட்சை அணைத்த கணமே மின்சாரம் போய்விடாது. கெப்பாசிட்டர்களில் தேங்கியது வடிகிறவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் கேட்ஜெட்டை எழுப்பினால், தன் மின்சாரத்தையே பார்த்துவிட்டு 'ஆஹா, யாரோ ஹோஸ்ட் வந்துவிட்டார்' என்று அது ஏமாந்துபோகும். எல்லாம் முடிந்தபிறகுதான் சில்லுவின் தலையெழுத்தை மாற்றி, கேட்ஜெட் இலாகாவை வேலைக்குக் கூப்பிடலாம்.

இதற்கு நடுவில் நீங்கள் ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள். அல்லது போன் தூங்கப் போய்விடும்.

ஒரு வேலையை ஐந்து பேர் சேர்ந்து செய்யும்போது யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதே பெரிய ஆபத்து. இவர் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பார். அவர் இவர் கையில் இருக்கும் பூட்டுக்காகக் காத்திருப்பார். இருவரும் ஆயுளுக்கும் காத்திருப்பார்கள். திரையில் ஒரு சலனமும் இருக்காது.

ஒவ்வொரு சில்லு டிரைவரை எழுதியவரும் இதைத் தன் சொந்தக் கைப்பக்குவத்தில் சமாளித்தார். மென்டர் கம்பெனி வடிவமைத்த சில்லுக்கு ஒரு வழி, சினாப்சிஸ் வடிவமைத்ததற்கு ஒரு வழி. ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டுக்குப் பொருந்தாது. சில கம்பெனிகள் தொந்தரவே வேண்டாம் என்று போனை டிவைஸாக மட்டும் விற்றன. 2009ல் வந்த நோக்கியா என்900 அப்படித்தான் வந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ் என்பதால், வாங்கியவர்களே அடுத்த வருஷம் கெர்னலைக் குடைந்து, அதை ஹோஸ்டாக்கிக் காட்டினார்கள். அதே 2010ல் நோக்கியா தன் என்8 போனைப் பெட்டிக்குள் ஓ.டி.ஜி. ஒயரோடு சேர்த்தே விற்றது.

கூகுளின் சமாளிப்பு இன்னும் சுவாரஸ்யம். 2011 மே மாதம் ஆண்ட்ராய்டு 3.1ல் ஹோஸ்ட் வசதி வந்தது. கூடவே 'அக்சசரி' என்று ஒன்று. ஹோஸ்டாக முடியாத போன்கள் இருக்கின்றனவே, அவற்றோடு வெளிக்கருவிகளை எப்படிச் சேர்ப்பது? போனை மாற்ற வேண்டாம், வெளிக்கருவியை ஹோஸ்ட் ஆக்கிவிடு என்றார்கள். அதாவது ஒரு சாதாரண விளக்கோ பொம்மையோ எஜமான் நாற்காலியில் உட்காரும். இத்தனை பெரிய மூளையுள்ள போன் அதன் முன்னால் 'உள்ளேன் ஐயா' சொல்லும். மாப்பிள்ளைத் தோழன் மணையில் உட்கார்ந்த கதைதான். ஆனால் வேலை நடந்தது.

நிஜமான கடன் அடைப்பு 2014 ஆகஸ்டில் வந்தது. டைப்-சி.

இந்த இடத்தில் அஜய் பட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். யு.எஸ்.பி.யை ஏன் இருபுறமும் சொருகும்படி செய்யவில்லை என்று 2019ல் கேட்டார்கள். அப்படிச் செய்திருந்தால் கம்பிகளும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி, விலையும் இரட்டிப்பாகியிருக்கும் என்றார். மூளையை ஒரு பக்கம் வைத்ததற்கும் பிளக்கை ஒரு பக்கமாக வைத்ததற்கும் அடியில் இருப்பது ஒரே காரணம். மலிவு. சின்ன கம்பெனிகூட சின்ன விலையில் ஒரு மவுஸ் செய்ய முடிந்ததும் அதனால்தான். நாம் ஒவ்வொரு பென் டிரைவையும் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொருகியதும் அதனால்தான். டைப்-சி இரண்டையும் ஒரே மூச்சில் ஒழித்துக்கட்டியது. மேலும் கீழும் இல்லை. ஏ-யும் பி-யும் இல்லை.

ஏ-யும் பி-யும் இல்லையென்றால் எஜமானை எப்படிக் கண்டுபிடிப்பது? உருவம் சொல்லாது, ஊசியும் இல்லை. சி.சி. என்று இரண்டு சிறு முனைகள் வைத்தார்கள். மின்சாரம் கொடுப்பவர் அதை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். வாங்குபவர் 5.1 கிலோ ஓம் மின்தடை போட்டுக் கீழே இழுக்க வேண்டும். இந்த மின்தடைகளில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4 சாட்சி. முனைக்கு ஒன்றாக இரண்டு மின்தடை போடாமல், இரண்டு முனையையும் சேர்த்து ஒன்றைப் போட்டுவிட்டார்கள். உள்ளே சில்லு வைத்த சில நல்ல ஒயர்களில் சொருகினால், இது ஏதோ ஹெட்ஃபோன் அடாப்டர் என்று நினைத்து சார்ஜர் மின்சாரமே கொடுக்கவில்லை. மட்டமான ஒயரில் ஜோராக ஓடியது.

சரி, கொடுக்கவும் தெரிந்து வாங்கவும் தெரிந்த செல்போன் என்ன செய்யும்? விநாடிக்குப் பத்து முதல் இருபது தடவை மாறி மாறி வேஷம் கட்டும். மேலே, கீழே, மேலே, கீழே. எதிர்முனையிலும் அதே ஆட்டம். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயுமாக எந்தக் கணத்தில் சந்திக்கின்றனவோ, அதுதான் தீர்ப்பு. என் கர்ணன் மூன்றாவது தடவை மாறிய ரகசியம் இப்போது புரிந்திருக்கும். யாரும் யாருடைய பேட்டரியையும் பார்க்கவில்லை. டாஸ் விழுந்த பக்கம் அதிர்ஷ்டம்.

டைப்-சி இன்னொன்றும் செய்தது. மின்சாரம் கொடுப்பவர்தான் எஜமான் என்ற பழைய முடிச்சை அவிழ்த்துவிட்டது. உங்கள் லேப்டாப்பை ஒரு நவீன மானிட்டரில் ஒரே ஒயரால் இணைக்கிறீர்கள். மானிட்டர் லேப்டாப்புக்கு சார்ஜ் கொடுக்கிறது. ஆனால் ஹோஸ்ட் லேப்டாப்தான். சொருகியதும் முதலில், கொடுப்பவர் என்ற தகுதியில் மானிட்டர்தான் எஜமானாகிறது. பிறகு 'மின்சாரம் நீயே கொடு, நாற்காலியை மட்டும் எனக்குத் தா' என்று ஒயருக்குள் ஒரு சேதி போய்த்தான் இடம் மாறுகிறது. ஓ.டி.ஜி. காலத்தில் யாரும் சீந்தாத பதவி மாற்றம், இப்போது அன்றாடக் காரியம்.

அதனால் கெர்னலுக்கு இனித் தப்பிக்க வழியில்லை. 2012ல் எக்ஸ்ட்கான் என்று ஒரு பகுதி லினக்ஸில் சேர்ந்திருந்தது. எந்த ஒயர் வந்தது, எது போனது என்று தண்டோரா போடும். ஆனால் வேலை வாங்காது. 2015, 2016ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் இருந்த ரோஜர் குவாட்ரோஸ், எல்லா டிரைவர்களுக்கும் பொதுவாக ஒரு மத்திய ஏற்பாடு எழுதினார். திருத்தித் திருத்திப் பல பதிப்பு அனுப்பியும் அது கெர்னலில் சேரவில்லை. எத்தனை மாத உழைப்பு என்று நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. இந்த உலகத்தில் அது சகஜம்.

2017 ஜூலையில் வந்த 4.12 பதிப்பில் டைப்-சிக்கென்று ஒரு பகுதி சேர்ந்தது. எழுதியவர் இன்டெலைச் சேர்ந்த ஹெய்க்கி குரோகெரஸ். அது யாரோடு என்ன ஒப்பந்தம் என்று தெரிந்துகொண்டது. ஆனால் தெரிந்துகொண்டதை யாரிடம் சொல்வது? இன்டெலின் செர்ரி டிரெயில் சில்லு வைத்த மலிவான டேப்லட்டுகளில் இந்தச் சங்கடம் முற்றியது. பேச்சுவார்த்தை நடத்துவது வேறு கம்பெனிச் சில்லு. ஹோஸ்ட் வேலைக்கு ஒரு பகுதி, டிவைஸ் வேலைக்கு இன்னொரு பகுதி. நடுவில் ரயில் தண்டவாளத்தைத் திருப்புகிற மாதிரி ஒரு சுவிட்ச். நான்கு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில்தான் டோக்கன் கிடைத்தது. குரோகெரஸும் ஹான்ஸ் டி கோடியும் சேர்ந்து எழுதிய 'ரோல் சுவிட்ச்' பகுதி. முதல் வாடிக்கையாளர் அதே செர்ரி டிரெயில் வகைச் சுவிட்ச். எல்லாம் சேர்த்துச் சில நூறு வரிகள்தான். பழைய 13 நிலைகள் அங்கே இல்லை. மூன்றே வார்த்தைகள். ஹோஸ்ட். டிவைஸ். யாருமில்லை.

அந்த மூன்றாவது வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. டோக்கன் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தொங்குகிறது, பாதை காலி என்று சொல்ல ஒரு வார்த்தை. ஒயர் இல்லாத போன் ஏதாவது ஒரு வேஷத்தில் இருந்தே ஆக வேண்டிய கட்டாயமில்லை.

அந்தச் சில நூறு வரிகள் எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது டைப்-சி பக்கம். செய்து முடிப்பது சில்லு டிரைவர். இது நடுவில் நின்று, ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையை மட்டும் கைமாற்றிவிடுகிறது. ஒருவர் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்திவைக்கிறது. சுவிட்சின் டிரைவர் பயன்பாட்டில் இருக்கும்போது அதை யாரும் கெர்னலில் இருந்து உருவிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. போன் எழும்பும்போது எந்த டிரைவர் முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டைப்-சி டிரைவர் முதலில் வந்து, 'சுவிட்ச் எங்கே?' என்று கேட்டால், 'அவர் இன்னும் வரவில்லை, அப்புறம் வாங்க' என்று திருப்பி அனுப்புகிறது. தாலுகா ஆபீஸில் கேட்கிற அதே பதில். ஒரு வித்தியாசம், இங்கே மறுபடி போனால் ஆள் இருப்பார்.

அதன் பிறகு சினாப்சிஸ் சில்லுவின் டிரைவர் உட்பட ஒவ்வொன்றாக இந்த ஏற்பாட்டுக்குள் வந்து சேர்ந்தன.

அந்த இரண்டு போன்களை மறுபடி ஒயரால் இணையுங்கள். இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் திரையை மேலிருந்து கீழே இழுத்து, யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பைத் தொட்டுப் பாருங்கள். யு.எஸ்.பி.யைக் கட்டுப்படுத்துவது இந்தச் சாதனமா, இணைத்த சாதனமா என்று ஒரு கேள்வி இருக்கும். மாற்றித் தொடுங்கள். உள்ளே இருந்து எதிர்முனைக்கு ஒரு விண்ணப்பம் போகும். அதற்கு மூன்று விதமான பதில் வரலாம். சரி. முடியாது. கொஞ்சம் பொறு. சரி என்றால் டோக்கன் கைமாறும், பென் டிரைவுகாரர்கள் வெளியேறுவார்கள், இலாகா மாறும். முடியாது என்று வந்தால், 'மாறுகிறது' என்று திரையில் ஒரு கணம் தெரிந்துவிட்டு, 'மாற்ற முடியவில்லை' என்ற வரி வந்து நிற்கும். ஏன் என்று சொல்லாது.